கட்டியக்காரன் கூப்பிட்ட பெயர்

“என்னை விட்டுடுங்க அம்மா. நான் ஆத்துக்கு வரல” என்றான் கோப்ரியன்.

விடிந்துகொண்டிருந்தது. நைல் நதிக்கரையில் ஒரு பட்டணம் அது. கிறிஸ்துவின் பெயரால் ஞானமுழுக்குப் பெற இருந்தவர்கள் எல்லாரும் அப்போதே ஆற்றுக்குப் போய்விட்டார்கள். இவன் ஒருவன்தான் முழங்காலைக் கட்டிக்கொண்டு தன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தான்.

அழைத்துப் போக வந்தவள் ஹெராயிஸ். தறி நெய்கிறவள், அந்தச் சின்னச் சபைக்குப் போதிக்கிறவளும் அவளே. அவனைவிட இளையவள்தான். ஆனாலும் சபையில் எல்லாருக்கும் அவள் அம்மா.

“ஏன் அண்ணே?”

“என்னை யாரும் கூப்பிடல.”

“நான் கூப்பிட்டுக்கிட்டுத்தானே நிக்கிறேன்?”

“நீங்க கூப்பிட்டா ஆச்சா? மேலேருந்து கூப்பிடணும்ல?”

கோப்ரியன் அந்தப் பட்டணத்துக் கட்டியக்காரன். மைதானத்தில் ஓடி ஜெயித்தவனைப் பெயர் சொல்லி, நடுவர்கள் மேடைக்கு ஏறி வரும்படி கூப்பிடுவது அவன் வேலை. அவன் வாயைத் திறந்தால் அக்கரையில் மேய்கிற எருமை தலையைத் தூக்கிப் பார்க்கும். அப்படிப்பட்ட குரல் இன்றைக்கு முனகிக்கொண்டிருந்தது.

“நேத்து சபையில அப்போஸ்தலர் கடிதம் ஒண்ணு வாசிச்சீங்களே. கடவுள் நம்மைக் கூப்பிடுறது, பந்தயத்துல ஜெயிச்சவனை மேடைக்குக் கூப்பிடுற மாதிரின்னு.”

“ஆமா. வேற இடத்துல விருந்துக்குக் கூப்பிடுறார்ன்னு இருக்கு. படைக்குக் கூப்பிடுறார்ன்னும் இருக்கு. எல்லாம் உவமைதானே அண்ணே.”

“உங்களுக்கு உவமை. எனக்கு அது தொழில்.”

ஹெராயிஸ் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“மேடைக்குக் கூப்பிடுறப்ப சும்மா பேரை மட்டும் சொன்னா போதாது. பேரு, அப்பன் பேரு, ஊரு. மூணும் வேணும். அப்பன் பேரு இல்லாதவனைப் பந்தயக் கோட்டுலயே நிக்க விட மாட்டாங்க. என் பேருதான் உங்களுக்குத் தெரியுமே!”

கோப்ரியன் என்றால் குப்பைமேட்டான். பெற்றவர்கள் வேண்டாமென்று ஊர்க் குப்பைமேட்டில் போட்டுவிட்டுப் போகிற பிள்ளைகளுக்கு அங்கே வைக்கிற பெயர். அப்படிக் கிடந்தவனை ஓர் அடிமை வியாபாரி எடுத்து வளர்த்து, பெரியவனானதும் விற்றுவிட்டான். குரலின் தயவால் பிற்பாடு விடுதலை கிடைத்தது. பெயர் மட்டும் விடாமல் ஒட்டிக்கொண்டது.

“கடைசி நாள்ல தேவதூதன் என்னைக் கூப்பிட வாயெடுப்பான். கோப்ரியன்னு சொல்வான். அடுத்து என்ன சொல்வான்? திருதிருன்னு முழிப்பான். அந்த வேலை எனக்குத் தெரியாதா அம்மா?”

சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. நரைத்த தாடியோடு தேம்பித் தேம்பி அழுதான்.

ஹெராயிஸ் எழுந்தாள்.

“சரி, ஆத்துக்கு வராட்டி போங்க. குப்பைமேடு வரைக்கும் எனக்குத் துணைக்கு வாங்க.”

விடியற்காலையில் அங்கே போய்ப் பார்ப்பது சபையாரின் வழக்கம். பிள்ளை ஏதாவது கிடந்தால் நாயும் வியாபாரியும் வருவதற்கு முன்னால் எடுத்து வந்துவிடுவார்கள். கோப்ரியன் மட்டும் அந்தப் பக்கம் தலை வைத்துப் படுத்ததில்லை. ஆனால் துணைக்கு வா என்று ஒரு பெண் கேட்கும்போது எப்படி மறுப்பது? முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

அன்றைக்கு அடிமை வியாபாரி ஒருவன் முந்திக்கொண்டான்.

சாம்பலுக்கு நடுவே ஓர் ஓட்டைக் கூடை. அதில் பிறந்து ஈரம்கூடக் காயாத ஒரு பெண்பிள்ளை. வியாபாரி குனிந்து கூடையைத் தூக்கிக்கொண்டிருந்தான்.

“தள்ளுங்க. முதல்ல பார்த்தவன் நான். இதோட அப்பன் வந்து கேட்டா கொடுக்கிறேன்” என்றான்.

ஹெராயிஸ் திரும்பினாள். “அண்ணே, கூப்பிடுங்க.”

“யாரை?”

“இவளைத்தான்.”

“எப்படிம்மா? பேரு கிடையாது. அப்பன் கிடையாது.”



வியாபாரி கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நகர்ந்தான். கூடைக்கு வெளியே ஒரு சின்னக் கை தொங்கி ஆடியது. தன்னையும் ஒருவன் இப்படித்தானே தூக்கிக்கொண்டு போயிருப்பான் என்று கோப்ரியனுக்குத் தோன்றியது.

கால்களை அகட்டி நின்றான். மூச்சை இழுத்தான்.

“நிக்கே!”

வெற்றி என்று பொருள். மைதானத்தில் சொல்லிச் சொல்லிப் பழகிய சொல், அவசரத்துக்கு அதுதான் வந்தது.

அடுத்தது வரவில்லை.

வியாபாரி சிரித்தான். “சொல்லுய்யா. யாரு மக?”

“கோப்ரியன் மகள்!”

மேட்டில் இருந்த பருந்துகள் மொத்தமாக எழும்பின.

“கோப்ரியன் மகள் நிக்கே! ஊர், இந்தப் பட்டணம்! மேலே ஏறி வா!”

கட்டியக்காரன் கூவி அறிவித்த பெயரை மறுத்துப் பேசுகிற வழக்கம் அந்த ஊரில் இல்லை. நடுவர்களே மறுத்ததில்லை. வியாபாரி கூடையைக் கீழே வைத்துவிட்டு, வாய்க்குள் திட்டிக்கொண்டே நடையைக் கட்டினான்.

கோப்ரியன் பிள்ளையைத் தூக்கி மேலாடைக்குள் பொதிந்துகொண்டான். சந்தோஷம் தாங்கவில்லை. வழி நெடுகக் கூவிக்கொண்டே வந்தான். கோட்டை வாசலை நெருங்கும்போது அங்கே பெரிய கூட்டம். குரலைக் கேட்டு, வேற்றூரில் ஜெயித்தவன் எவனோ ஊர் திரும்புகிறான் என்று ஓடி வந்துவிட்டார்கள். சிலர் கையில் ஜெயித்தவனுக்குக் கொடுக்கிற பேரீச்ச ஓலைகூட இருந்தது.

“யாருய்யா ஜெயிச்சது?” என்றான் வாசல் காவலன்.

“என் மக!”

கூட்டம் ஆர்ப்பரித்தது. காவலன் மேலாடையை விலக்கிப் பார்த்தான்.

“இதுவா? இன்னும் கண்ணே திறக்கல. ஜெயிக்கிற அளவுக்கு அப்படி என்ன செஞ்சா?”

“ஒண்ணும் செய்யல. கிடந்தா. நான் கூப்பிட்டேன்.”

சொல்லிவிட்டு அப்படியே நின்றுவிட்டான். மெல்ல ஹெராயிஸ் பக்கம் திரும்பினான்.

“நடங்க அண்ணே” என்றாள் அவள். “ஆத்துல எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க.”

கோப்ரியன் எங்கே நடந்தான்? பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினான்.