பொங்காத மாவும் எரியாத அடுப்பும்

குளக்கரை மருத மரத்தடியில் கரடியும் அணிலும் கூட்டாக இட்லிக் கடை போட்டன. அணிலுக்கு ஓரிடத்தில் உட்கார வராது. கரடிக்கு உட்கார்ந்தால் எழ வராது. ஆனாலும் இரண்டுக்கும் தாங்கள் பெரிய வியாபாரிகள் என்று நினைப்பு!

"மாவு என் பொறுப்பு அண்ணே! கண் கொட்டாம பார்த்துக்கறேன்!" என்றது அணில்.

"அடுப்பை நான் நிதானமா பத்த வைக்கறேன் தம்பி" என்றது கரடி.

அரைத்த மாவு புளித்துப் பொங்க வேண்டுமே! அணில் விடிய விடிய மூடியைத் திறந்தது, கிளறியது, மறுபடி மூடியது. கொஞ்சம் பொங்கிய மாவும் அமுங்கிப் போனது. காலையில் மான்கள் பசியோடு வந்தன. கரடி அப்போதுதான் ஒரு சுள்ளியைக் கையில் எடுத்து, காய்ந்ததா ஈரமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. ஒருவழியாக உச்சிவெயிலில் இட்லி வெந்தது.

"ஐயோ, என் பல்!" என்று அலறியது ஒரு மான். எல்லாம் எதிரே நரியின் கஞ்சிக் கடைக்கு ஓடிவிட்டன.

மாலையில் யானை வந்தது. "நாளைக்கு என் குட்டிக்குப் பேர் வைக்கறோம். விடிஞ்சதும் கூட்டமா வருவோம். இட்லி சரியில்லேன்னா நாங்களும் நரி கடைக்குத்தான்!"

யானைகளும் போய்விட்டால் கடையை மூட வேண்டியதுதான். இரண்டும் தலையில் கைவைத்து உட்கார்ந்தன.

"நான் எட்டி எட்டிப் பார்த்ததுல மாவே பயந்துடுச்சு அண்ணே!"

"என் நிதானத்தைப் பார்த்து அடுப்பே தூங்கிடுச்சு தம்பி!"

இரண்டுக்கும் வெட்கமாக இருந்தது. சிரிப்பும் வந்தது. பேசாமல் வேலையை மாற்றிக்கொண்டன.

கரடி புதிதாக அரைத்த மாவுப் பானையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தது.

"ஒரே ஒரு தடவை திறந்து பார்க்கட்டுமா அண்ணே?"

"தொட்டே, வாலைப் பிடிச்சுக் கட்டிப்போடுவேன்!"

விடியும் நேரத்தில் மாவு விளிம்புவரை பொங்கியது. "இன்னும் கொஞ்சம் இருக்கட்டுமே" என்று கரடி கொட்டாவி விட்டது.

"விட்டா ரொம்பப் புளிச்சுப் போயிடும், எழுந்திரு!" என்று அணில் அதன் காதைக் கடித்தது. ஓடிச் சுள்ளி பொறுக்கியது, அடுப்பை மூட்டியது, தட்டில் மாவை ஊற்றியது. யானைகள் வந்தபோது இட்லி பஞ்சுபோல் வெந்திருந்தது.

யானை ஒரு வாய் தின்றுவிட்டு, "நேத்து மான்கள் சொன்ன அதே கடைதானா இது?" என்று கேட்டது.

"அதே கடைதாங்க! முட்டாள்கள் ரெண்டு பேரும் இடம் மாறி உட்கார்ந்திருக்கோம், அவ்வளவுதான்!" என்றது கரடி.

காத்திருக்க வேண்டிய வேலை எது, ஓடி முடிக்க வேண்டிய வேலை எது என்று தெரியாதவர் எந்தக் கடை போட்டாலும் ஈ ஓட்ட வேண்டியதுதான்.