பெட்டி இல்லாத கல்

மார்த்தாண்டம் பக்கத்து ஞானசிகாமணி தேனீ வளர்ப்பவன். முற்றத்தில் கருங்கல் நட்டு, கல்லுக்கு ஒரு தேனீப் பெட்டி வைத்திருந்தான். மனைவி புஷ்பலீலாவும் தேனீக்காரர் மகள்தான். மகள் ஜெபினா அந்தப் பெட்டிகளுக்கு நடுவில் நடை பழகினாள். ஆறு வயது வரை ஒரு தேனீகூட அவளைக் கொட்டியதில்லை.

பிறகு புருஷனும் பெண்டாட்டியும் பிரிந்தார்கள். ஏன் என்பது இந்தக் கதைக்கு வேண்டாம்.

குடும்ப நல நீதிமன்றம் பிள்ளையைத் தாயிடம் விட்டது. சனி, ஞாயிறு தகப்பன் வீட்டில். உடனே லீலா ஒரு மனு போட்டாள். தேனீ ஆபத்து, பிள்ளை வரும் நாளில் முற்றத்தில் பெட்டி இருக்கக் கூடாது என்று. நீதிபதிக்குத் தேனீயைப் பற்றி என்ன தெரியும்? கேட்டபடியே உத்தரவு போட்டார்.

வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்து, தேனீயெல்லாம் அடைந்த பிறகு பெட்டியைத் தூக்கியிருக்க வேண்டும். சொல்லிவைத்த வண்டி வரவில்லை. மறுநாள் வெயில் ஏறிய பிறகு வந்தது. அதற்குள் பாதித் தேனீ பூவுக்குப் போய்விட்டது. பிள்ளையை அடுத்த வாரம் அனுப்பு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் ஒரு வாரம் போகும். மகளைப் பார்த்து மாதம் ஆகியிருந்தது. பெட்டிகளை அண்ணனின் ரப்பர் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டான்.

ஜெபினா வந்தாள். பெட்டி இல்லாத கல்லில் ஏறி உட்கார்ந்தாள். மதியம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள், இரண்டு கண்ணும் வீங்கி.

சனி, ஞாயிறு ரத்தானது. இனி நீதிமன்ற வளாகத்தில், ஒரு ஆள் காவலிருக்க, ஒரு மணி நேரம்தான் மகளைப் பார்க்கலாம்.

ஞானசிகாமணி மேல்முறையீடு செய்தான். சொன்னபடி செய்தவன் நான், ஜெயிக்காமல் எங்கே போவேன் என்று தெம்பாக நின்றான். பெட்டி போயிருந்தால் தேனீ எங்கிருந்து வந்தது, ஒன்றை ஒளித்து வைத்திருக்கிறான் என்றார் லீலாவின் வக்கீல். நீதிபதி லீலாவையே கேட்டார்.

"பொய் சொல்ல மாட்டேன். ஒரு பெட்டியும் அங்க இல்ல. பூவுக்குப் போன தேனீ பழைய கல்லுக்குத்தான் திரும்பி வரும். வீட்டைக் காணலேன்னா கொட்டும். இவருக்கு அது தெரியும். கோர்ட்டுக்குப் பயந்தாரு, பிள்ளைக்குப் பயப்படல."

ஞானசிகாமணியின் தெம்பு அதோடு போயிற்று. மெல்லக் கேட்டான்: "தூக்க மாட்டேன்னு சொல்லியிருந்தா, உத்தரவை மதிக்காதவன்னு அடுத்த மனு போட்டிருக்க மாட்டியா, லீலா?"



அவன் உத்தரவை மீறவில்லை. அவள் பொய் சொல்லவில்லை. பிள்ளை மட்டும் கொட்டு வாங்கியது. இதில் யார் செய்தது சரி? பிள்ளை சனிக்கிழமை எங்கே போக வேண்டும்?

விடை: இருவர் செய்ததும் சரியில்லை. பெட்டியைத் தூக்கினால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். தேனீக்காரர் மகளுக்குத் தெரியாதா? வாரா வாரம் பெட்டி தூக்க எவனாலும் ஆகாது, தானே ஒதுங்கிவிடுவான் என்றுதான் மனு போட்டாள். ஆறு வருஷம் கொட்டாத தேனீ பெட்டியைத் தூக்கிய அன்று கொட்டியது. ஆபத்து பெட்டியில் இல்லை, தூக்கியதில். பெட்டிகள் கல்லிலேயே இருக்கட்டும், பிள்ளை தகப்பன் வீட்டுக்குப் போகட்டும் என்று தீர்ப்பானது. அடுத்த சனிக்கிழமை லீலாவே கொண்டுவந்து விட்டாள். வேலிப் படலையில் நின்று, "பெட்டி வாசலுக்கு நேரா நிக்காத மக்களே" என்று மகளிடம் சொன்னாள். முதல் மனுவில் அதை எழுதியிருந்தால் போதும்.