பன்னிரண்டாவது ஆணி

அணைக்கட்டின் சுரங்கவழிக்குக் காவல் காக்கும் கணினி நிரல் எழுதும் பொறுப்பு இன்பசேகரனுடையது. உள்ளே ஒரே ஓர் ஆள் இருந்தாலும் மதகு திறக்கக் கூடாது. சொல்லிப் பார்த்தால் இவ்வளவுதான். அதுதான் மனிதரைப் பாடாய்ப் படுத்தியது.

அவருடைய குரு வேம்பரசி. சீடரைவிடப் பத்து வயது இளையவர்.

"மேடம், உள்ள போறவங்க பேருக்கு முடிவே இல்ல. தினம் புதுப்புதுப் பேரு. போன வாரம் எல்லாத்தையும் ஞாபகம் வச்சுக்கச் சொன்னேன், மெஷின் திணறிப் படுத்துடுச்சு. இந்தச் சின்னப் பெட்டி எத்தனை பேரைத்தான் ஞாபகம் வச்சிருக்கும்?"

"இப்ப என்ன பண்ணியிருக்கீங்க?"

"கடைசியா வந்த நூறு பேரு போதும்னு வச்சுட்டேன். நூத்தி ஒண்ணாவது ஆள் வந்தா, இருக்கிறதுலயே பழைய பேரு தானா அழிஞ்சிடும்."

சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

வேம்பரசி எழுந்தார். சுரங்க வாசல் சுவரில் பன்னிரண்டு ஆணிகள், ஆணிக்கொரு ஹெல்மெட். ஹெல்மெட் இல்லாமல் யாரும் உள்ளே கால் வைக்கக் கூடாது என்பது அங்கே பழைய வழக்கம். வேம்பரசி கடைசி ஆணியில் இருந்ததை எடுத்து மாட்டிக்கொண்டார். பெட்டியில் தன் பெயரைப் பதிந்தார். உள்ளே நடந்தார். அப்போது காலை எட்டு மணி.

அன்றைக்கென்று பாலிடெக்னிக் மாணவர்கள் மூன்று பஸ் நிறைய, நூற்றைம்பது பேர், வந்து இறங்கினார்கள். பத்துப் பத்துப் பேராகப் பெயர் பதிந்து உள்ளே போனார்கள், பார்த்தார்கள், வெளியே வந்ததையும் பதிந்தார்கள். இன்பசேகரனுக்குத் தண்ணீர் குடிக்கக்கூட நேரமில்லை.

மூன்று மணிக்கு மதகு அறையிலிருந்து போன் வந்தது.

"சார், கீழ வயலெல்லாம் காயுது. ஆளாளுக்குக் கூப்பிட்டுத் திட்டுறாங்க. தண்ணி விடலாமா?"

இன்பசேகரன் திரையைப் பார்த்தார். உள்ளே யாரும் இல்லை என்று பச்சை எழுத்தில் இருந்தது.

"ம், விட..."

கண் தற்செயலாகச் சுவருக்குப் போனது. பதினொரு ஹெல்மெட். கடைசி ஆணி வெறுமையாக இருந்தது.

காலையில் மேடம் மாட்டிக்கொண்டு போன ஹெல்மெட்.

"தொடாதீங்க! பொத்தானைத் தொடாதீங்க! நான் சொல்ற வரைக்கும் தண்ணி விடாதீங்க!"

போனைப் போட்டுவிட்டு ஓடினார். ஹெல்மெட் மாட்ட வேண்டும் என்ற நினைவுகூட இல்லை. இருட்டில் இரண்டு இடத்தில் தலை இடித்தது. சுரங்கத்தின் கோடியில், மதகுக் கதவுக்கு இந்தப் பக்கம், ஒரு கல்லின்மேல் வேம்பரசி உட்கார்ந்திருந்தார். கதவுக்குப் பின்னால் தண்ணீர் உறுமிக்கொண்டிருந்தது.

அவரைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தார். வெளிச்சத்தைக் கண்டதும் இன்பசேகரன் உடைந்துபோனார்.

"நீங்க உள்ள இருக்கும்போதே என் புரோகிராம் உங்களை மறந்துடுச்சு மேடம். இன்னும் எத்தனை பேரு ஞாபகம் வைக்கணும்? இருநூறா? ஆயிரமா? சொல்லுங்க!"

வேம்பரசி ஹெல்மெட்டைக் கழற்றிப் பன்னிரண்டாவது ஆணியில் மாட்டினார்.

"ஹெல்மெட் ஆணிக்குத் திரும்பிடுச்சு. இப்ப என் பேரை மறந்துடுங்க" என்றார்.