கயிறு இழுத்த தேவாங்கு

அந்தக் காலத்தில், காட்டில் இருந்ததெல்லாம் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த காலத்தில், தேவாங்குக்கு ஓர் அநியாயம் நடந்தது. அடித்தார்கள், துரத்தினார்கள் என்றால்கூட ஊருக்குத் தெரிந்திருக்கும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. மூன்று மழைக்காலம் அது மற்றவர்களுக்காகக் கயிறு இழுத்தது. மூன்று மழைக்காலமும் ஒருவர்கூட அதன் கையில் ஒன்றையும் வைக்கவில்லை. அவ்வளவுதான். அவ்வளவுதானா என்று கேட்பவர்கள் மேலே கேளுங்கள்.

மழை பிடித்துக்கொண்டால் காட்டில் இரை தேட முடியாது. அந்த நாட்களில் மரங்கொத்தியும் முள்ளம்பன்றியும் அணிலும் ஒரு பாறை இடுக்கில் கூடும். அங்கே மரம் கடைய அவர்களுடைய கடைசல் இருந்தது. எதிரெதிராக இரண்டு கல் முனைகள். நடுவில் ஒரு வெப்பாலைக் கட்டை. கட்டையைச் சுற்றி இரண்டு சுற்றாக ஒரு கயிறு. கயிற்றின் இடது முனையை இழுத்தால் கட்டை முன்னால் சுழலும், வலது முனையை இழுத்தால் பின்னால் சுழலும். முன்னால் சுழலும்போது மரங்கொத்தி அலகை வைத்துச் சீவும். பின்னால் சுழலும்போது அலகை எடுத்துக்கொள்ளும். அணில் பல்லால் கடையும். முள்ளம்பன்றி தன் முள் ஒன்றைப் பிடுங்கிக் கோடு போடும். வயிற்றுப்பாட்டுக்கு இல்லை, முழுக்க முழுக்க ஆசைக்காக.

கயிற்றை இழுத்தது தேவாங்கு.

அந்த வேலைக்கு அதைவிட்டால் ஆள் கிடையாது. தேவாங்கு எதையும் அவசரப்பட்டுச் செய்யாது. இடது, வலது, இடது, வலது என்று ஒரே சீராக இழுக்கும். அந்தச் சீரில் கட்டை வெண்ணெய் மாதிரி வழியும். கயிறுகூட அது திரித்ததுதான். ஆத்தி மரத்து நாரை ஊறவைத்து, அடித்து, தன் மெல்லிய விரல்களால் முறுக்கி முறுக்கித் திரித்தது. வேறு யார் திரித்தாலும் அரை நாளில் பிரிந்து போனது.

மழைக்காலம் முடிகிற அன்று கொடுப்பு நாள். கடைந்ததை யாரும் தனக்கென்று வைத்துக்கொள்ளக் கூடாது. ஆளுக்கு ஒன்றை நடுவில் வைத்துத் தேக்கிலையால் மூடுவார்கள். பிறகு ஒவ்வொருவராக ஓர் இலையைத் தூக்கி, அடியில் இருப்பதை எடுத்துக்கொள்வார்கள். வைத்தவருக்கு எடுக்க உரிமை. கொடுத்ததைத் திரும்ப வாங்கக் கூடாது. இரண்டே விதிதான். எடுத்தவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "ஐயோ, என்ன வழவழப்பு!" என்பார். கொடுத்தவர் நான்தான் என்று சொல்லாமல் சிரிப்பார். அந்த ஒரு நொடிக்காகத்தான் மழைக்காலம் முழுக்கக் கடைவார்கள்.

முதல் வருடம் தேவாங்கு ஓரமாக உட்கார்ந்து அதைப் பார்த்தது. கை மடியில் இருந்தது, உள்ளங்கை மேலே பார்த்தபடி. மறந்துவிட்டார்கள் போல என்று நினைத்துக்கொண்டது.

இரண்டாம் வருடம் வாய்விட்டே கேட்டது.

"எனக்கு எங்கே?"

மூவரும் திரும்பிப் பார்த்தார்கள். அணிலுக்கு உண்மையிலேயே புரியவில்லை. "நீ என்னக்கா கடைஞ்சே?"

"நான் இழுத்தேன்."

"இழுத்தே, சரி. வைக்கறதுக்கு என்ன கடைஞ்சே?"

முள்ளம்பன்றி தொண்டையைச் செருமிக்கொண்டது. "பாப்பா, கொடுக்கறதுன்னா எதையும் எதிர்பார்க்காம கொடுக்கணும். அதுதான் அழகு. நீ கை உழைப்பைக் கொடுத்திருக்கே. அதுல போய் எனக்கு எங்கேன்னு கேட்கலாமா?"

இதைச் சொல்லும்போது அதன் மடியில் மரங்கொத்தி கடைந்த கிண்ணம் இருந்தது. அதன் ஒரு கை கிண்ணத்தின் விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தது. எதிர்பார்க்காமல் கொடுப்பதைப் பற்றி, கை நிறைய வாங்கிக்கொண்டவர்கள்தான் எவ்வளவு அழகாகப் பேசுகிறார்கள்!

தேவாங்கு அதை வருடம் முழுக்க யோசித்தது.

மூன்றாம் வருடம் கொடுப்பு நாளன்று நடுவில் மூன்று இலைகள் இருந்தன. தேவாங்கு மெதுவாக நடந்து வந்து, நாலாவதாக ஒன்றை வைத்து, அதையும் தேக்கிலையால் மூடியது.

"அட, அக்கா கடைஞ்சிருக்கு பாரு!" என்று அணில் குதித்தது.

வயதில் பெரியது என்பதால் மரங்கொத்தி முதலில் எடுத்தது. தூக்கிய இலைக்கு அடியில் ஆத்தி நார்க் கயிறு சுருண்டு கிடந்தது.

"என்ன இது? இது கடைசல் கயிறு இல்ல?"

"ஆமாண்ணே. என்கிட்ட இருந்தது அதுதான். வெச்சுட்டேன்."

அணில் சிரித்துச் சிரித்து வாலைக் கடித்துக்கொண்டது. "அண்ணனுக்குக் கயிறு! இனிமே அண்ணன்தான் இழுக்கணும்!" முள்ளம்பன்றிக்குப் பம்பரம் வந்தது, அணிலுக்குக் கிண்ணம். மிச்சம் ஓர் இலை. வைத்தவருக்கு எடுக்க உரிமை. யாராலும் மறுக்க முடியவில்லை. தேவாங்கு இலையைத் தூக்கியது.

ஒரு சிமிழ். மரங்கொத்தி மழைக்காலம் முழுக்க வேறு எதையும் தொடாமல் கடைந்தது. மூடியைத் திருகினால் மூச்சு விடுகிற மாதிரி ஒரு சத்தம். தேவாங்குக்கு ஒவ்வொரு வளையமும் தெரியும். இந்த வளையம் இடிச் சத்தம் கேட்ட அன்று இழுத்தது. இது கை வீங்கியிருந்த அன்று இழுத்தது.

"பார்த்து," என்றது மரங்கொத்தி. சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். "அது உனக்குன்னு கடைஞ்சது இல்ல."

தேவாங்கு நிமிர்ந்து பார்த்தது.

"யாருக்குன்னு கடைஞ்சே?"

"யாருக்குன்னும் இல்ல. நம்மள்ல யாருக்காவது."

"அந்த நம்மள்ல நான் இருக்கேனா?"

மரங்கொத்தி கயிற்றைப் பார்த்தது, தரையைப் பார்த்தது, கொண்டையைச் சிலிர்த்துக்கொண்டது. பதில் வரவில்லை.

தேவாங்கு சிமிழை இலையின் மேலேயே திரும்ப வைத்தது. "விதிப்படி இது என்னுது. எடுத்துக்கிட்டுப் போனா வாயை மூடிக்குவீங்க. ஆனா அது நான் எடுத்ததா இருக்குமே தவிர, நீங்க கொடுத்ததா இருக்காது. எனக்கு அது வேண்டாம். கயிறு உன்னுதுண்ணே. கொடுத்ததைத் திரும்ப வாங்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

சொல்லிவிட்டு நடந்தது. தேவாங்கு நடையல்லவா! கண்ணுக்கு மறையவே வெகுநேரம் ஆனது. அத்தனை நேரத்தில் யாராவது ஒருவர் கூப்பிட்டிருக்கலாம். ஒருவரும் கூப்பிடவில்லை.

ஆற்றங்கரைச் செங்குத்தில் ஒரு மருத மரம் நின்றது. தேவாங்கு அதன் உச்சிக்கிளையில் போய் ஒண்டிக்கொண்டது. பகலில் விழித்திருந்தால் கடைசல் சத்தம் கேட்கும் என்று பகலில் தூங்கியது. ஊர் அடங்கிய பிறகு விழித்துப் பூச்சி பிடித்துத் தின்றது. இருட்டில், சொல்லாமல் விட்ட வாதங்களையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தது. எல்லாவற்றிலும் அதுதான் ஜெயித்தது. ஜெயித்ததைச் சொல்லிக்கொள்ளத்தான் ஆள் இல்லை. யாராவது வருகிறார்களா என்று இருட்டையே பார்த்துப் பார்த்து அதன் கண்கள் நாளுக்கு நாள் அகன்றுகொண்டே போயின. இழுத்து இழுத்து மெலிந்த கைகள் மெலிந்தபடியே நின்றுவிட்டன. தூக்கத்தில் அவை தாமாக அசையும். இடது, வலது, இடது, வலது.

அடுத்த மழைக்காலத்தில், தூக்கத்தையும் மீறி, தூரத்தில் கயிற்றுச் சத்தம் கேட்டது. அணில் இழுக்கிறது என்று தேவாங்கு கண்ணைத் திறக்காமலே கண்டுகொண்டது. வெடுக் வெடுக்கென்று இழுப்பு. பிறகு ஏதோ பிளக்கும் சத்தம், ஏச்சு. இன்னொரு நாள் முள்ளம்பன்றி, நாலு இழுப்புக்கு ஒரு பெருமூச்சு. அப்புறம் சத்தமே இல்லை. நிம்மதியாக இருக்கும் என்று தேவாங்கு நினைத்திருந்தது. நிம்மதியாக இல்லை. அந்தப் பக்கம் ஒருவர் இருக்கிறார் என்பதற்கு இருந்த ஒரே அடையாளமும் போய்விட்டது.

அதற்கும் அடுத்த மழையில் ஒரு நாள் அந்தி நேரம். பகலெல்லாம் அடித்த மழையில் தேவாங்குக்கு வேறு எந்தச் சத்தமும் கேட்டிருக்கவில்லை. விழித்தபோது மருத மரம் வேறு வாசனை அடித்தது. புதிதாகச் சீவிய மரத்தின் வாசனை. கீழே வேரெல்லாம் மரச்சீவல்கள். இறங்கிப் பார்த்தால் அடிமரத்தில் ஒரு பொந்து. பொந்துக்குப் பக்கத்தில், கூடு திரும்பவேண்டிய நேரம் தாண்டியும், மரங்கொத்தி தொற்றிக்கொண்டு நின்றது. அலகின் நுனி தேய்ந்திருந்தது. அலகில் அந்த ஆத்தி நார்க் கயிறு சுருளாகத் தொங்கியது.

கடைசலில் கட்டை சுழலும், மரங்கொத்தி ஓரிடத்தில் நிற்கும். இங்கே மரம் சுழலாது. அதனால் மரத்தை மரங்கொத்தியே சுற்றிச் சுற்றி வந்து கொத்தியிருக்கிறது. பட்டையில் அந்தக் கால்தடங்கள் வளையம் வளையமாகத் தெரிந்தன.

மரங்கொத்தி தலையை அசைத்துப் பொந்தைக் காட்டியது. தேவாங்கு கையை உள்ளே விட்டது. வட்டம், எங்கேயும் சிலும்பில்லை. ஒரு தேவாங்கு சுருண்டு படுத்தால் முதுகும் முழங்காலும் எங்கே படுமோ அங்கே மட்டும் இன்னும் ஒரு சீவு அதிகம். கண்ணால் அளந்து செய்த வேலை. தேவாங்கு கையை வெளியே எடுக்காமல் அப்படியே நின்றது.

மரங்கொத்தி கயிற்றை அதன் பக்கம் நீட்டியது.

தேவாங்கின் கைகள் தாமாக எழுந்தன. இன்னும் ஓர் அங்குலம்தான். அங்கே நிறுத்திக்கொண்டது.

"அண்ணே, ஒண்ணு கேட்கறேன். இந்தப் பொந்து கயிற்றுக்காகவா? நான் திரும்ப வந்து இழுக்கணும்னா?"

"ம்ம்ம்," என்றது மரங்கொத்தி. அலகு நிறையக் கயிறு. தலையை இப்படியும் அப்படியும் ஆட்டியது.

"தலையாட்டினது போதாது. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியும் நீ வாயைத் திறக்கலே. இப்போ திறந்து சொல்லு."

மரங்கொத்தி கீழே பார்த்தது. நேர் கீழே ஆறு, புதுவெள்ளம், மரத்தையே புரட்டிக்கொண்டு போகிற வெள்ளம். இரண்டு காலும் பட்டையைப் பற்றியிருந்தன. பேசவேண்டுமென்றால் அலகைத் திறக்கவேண்டும். அலகைத் திறந்தால் கயிறு போய்விடும். அப்படி ஒரு கயிறு காட்டில் இன்னொன்று கிடையாது, திரித்த கையும் இனித் திரிக்காது. கயிறு இல்லையென்றால் இனி கடைசலும் கிடையாது.

தேவாங்கு காத்திருந்தது. அதற்குத்தான் காத்திருக்கத் தெரியுமே.

அன்று முதல்தான் மரங்கொத்தி கடைசல் இல்லாமல், சுழலாத மரத்தைத் தானே சுற்றிச் சுற்றி வந்து கொத்துகிறது. அலகு தேயக் கொத்திய பொந்தை யாருக்காவது விட்டுவிட்டுப் போய் மறுபடி புதிதாகக் கொத்துகிறது. பகலில் பொந்திலோ கிளையடர்ந்த இடத்திலோ தனியாகச் சுருண்டு தூங்கும் தேவாங்கு, இழுக்கக் கயிறு இல்லாத கைகளால் கிளையைக் கெட்டியாகப் பிடித்திருக்கிறது. ஒன்றுக்கு விடிவதற்குள் மற்றதற்கு இருட்டிவிடும், இருவரும் பார்த்துக்கொள்வதே இல்லை. இருந்தாலும் அந்த அந்தியில், கயிறு வெள்ளத்தில் விழுந்த சத்தம் அடங்கும் முன்பே, மரங்கொத்தி வாயைத் திறந்து சொல்லிவிட்டது:

"இல்லை. இது உனக்குன்னு கொத்தினது."