ஈ காக்கா உள்ளே வரக்கூடாத ஆஸ்பத்திரி

கீழத்துறையில் மூளை பங்குவைத்த அன்றைக்கு சவரி, லூர்து, மிக்கேல் என்ற அண்ணன் தம்பிகள் மூவரும் முன்வரிசையில்தான் நின்றார்கள். பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் மரியாதையாக வழிவிட்டார்கள். இவர்கள் முறை வந்தபோது சட்டியைக் கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது.

அந்த வீட்டுக்குத்தான் செலின் வாக்கப்பட்டு வந்தாள். இவர்களுக்கு மூத்தவனான அவள் புருஷனுக்குக் கப்பலில் வேலை. புறப்படும்போது தம்பிகளிடம், "மைனியத் தனியா எங்கயும் அனுப்பாதீங்கல" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனான். அன்றிலிருந்து அவள் குழாயடிக்குப் போனாலும் பின்னால் மூன்று பேர் போனார்கள்.

குழந்தை லியாவுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். விடியற்காலையில் அதன் கையும் காலும் விறைத்து வெட்டி இழுத்தன. கண் மேலே செருகிக்கொண்டது. ஒரு நிமிஷம்கூட இருக்காது. அதற்குள் செலினுக்குத் தெரிந்த ஜெபமெல்லாம் மறந்துபோயிற்று. ஆஸ்பத்திரி கதவு திறக்கும் முன்பே போய் நின்றாள். அவளுக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. இந்த ஒரு சேதியை டாக்டரிடம் சொல்லி முடிக்க வேண்டும்.

டாக்டர் கோமதிநாயகம் நல்ல மனுஷர்.

"டாக்டர், விடியக்காலைல பிள்ளைக்கு..." என்று ஆரம்பித்தாள்.

கதவிடுக்கில் ஒரு தலை நீண்டது. "ஊசி இன்னைக்கா நாளைக்கா டாக்டர்?"

"நாளைக்கு. நீங்க சொல்லுங்கம்மா."

"பிள்ளைக்குக் கையும் காலும்..."

ஓர் அம்மாள் உள்ளே வந்து, "ஒண்ணுமில்ல, பிரஷர் மட்டும்" என்று கையை மேசைமேல் நீட்டினாள்.

டாக்டர் அவளை அனுப்பிவிட்டு, சுவரோடு சுவராக நின்ற மூவரையும் பார்த்தார். "தம்பிகளா, வெளிய போய் வாசல்ல நில்லுங்க. இவங்க சொல்லி முடிக்கிற வரைக்கும் ஈ காக்கா உள்ள வரக்கூடாது."

இவர்களிடம் இப்படியெல்லாம் சொல்லக்கூடாது என்று செலினுக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியாது.

அவள் மறுபடி வாயைத் திறந்தபோது கதவும் திறந்தது. ஊசிக்காரர், பிரஷர் அம்மாள், இன்னும் வெளியே இருந்த அத்தனை பேரும் உள்ளே வந்தார்கள்.

"என்னப்பா இது?" என்றார் டாக்டர்.

"ஈ ஒண்ணும் வரல டாக்டரய்யா" என்றான் சவரி. "மதிலு மேல காக்கா ஒண்ணு இருக்கு. மிக்கேல் அதையே பாத்துக்கிட்டு நிக்கான்."

டாக்டர் ஒரு மூச்சை இழுத்து விட்டார். "ஆளுங்களையும் விடாதீங்க. யாரா இருந்தாலும் சரி, இவங்க சொல்லி முடிக்கிற வரைக்கும் விடாதீங்க."

கூட்டம் வெளியே போனது.

"கையும் காலும் வெறச்சு..." என்றாள் செலின்.

லூர்து எட்டிப்பார்த்தான். "யாரும் வரல டாக்டரய்யா. சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

அவன் போவதற்குள் மிக்கேல் துண்டை வீசிக்கொண்டு ஒரு ஈயின் பின்னால் ஓடிவந்தான்.

"அது முன்னயே உள்ள இருந்த ஈல" என்றான் லூர்து.

"அப்ப இருக்கலாமா?"

"இருக்கலாம். ஆனா வெளிய போயிட்டுத் திரும்பி வந்தா?"

"அதுக்குத்தான் போகவிடாமப் புடிக்கப் பாக்கேன்."

டாக்டர் எழுந்தார். பிள்ளை முன்னால் சத்தம் போட வேண்டாம் என்று இருவரையும் வெளியே தள்ளிக்கொண்டு போய், கதவைச் சாத்திவிட்டுத் திட்டினார். மூவரும் கைகட்டிக் கேட்டுக்கொண்டார்கள். திட்டி முடித்து அவர் திரும்பியபோது சவரி கையைக் குறுக்கே நீட்டினான்.

"எங்க போறீய?"

"என் ரூமுக்கு."

"யாரா இருந்தாலும் விடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காவ."

"அந்த டாக்டரே நான்தானப்பா."

மூவரும் ஒதுங்கி நின்று ஆலோசித்தார்கள்.

"அவரு டாக்டர்தாம்ல" என்றான் மிக்கேல்.

"இல்லன்னு யாரு சொன்னா?" என்றான் சவரி. "டாக்டர்னா விடலாம்னு அவரு சொன்னாரா?"

"சொல்லல."

"அவரு சொல்லாததச் செஞ்சா, நாளைக்கு அவரேல்லா நம்மளக் கேப்பாரு."

லூர்து கதவில் வாயை வைத்தான். "மைனி, சொல்லி முடிச்சாச்சா?"

"யாருகிட்டச் சொல்ல? டாக்டர் வெளியல்லா இருக்காவ."

"இன்னும் முடிக்கல" என்று லூர்து டாக்டரிடம் வருத்தப்பட்டான். "முடிச்சதும் மொத ஆளா உங்களத்தான் விடுவோம். செத்த உக்காருங்க."

டாக்டர் பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்திலிருந்த ஊசிக்காரர் நகர்ந்து இடம் கொடுத்து, "உங்களுக்கு என்ன செய்யுது?" என்று விசாரித்தார்.

உள்ளே, குழந்தையின் தலை செலினின் தோளில் அடுப்புக்கல்லாகச் சுட்டது. அடுத்தவர் பேசும்போது குறுக்கே பேசக்கூடாது என்று கான்வென்டில் சிஸ்டர்கள் அவளை முழங்காலில் நிறுத்திச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். இந்த ஊரிலேயே அதைப் படித்தவள் அவள் ஒருத்திதான் போலிருக்கிறது. இத்தனை வருஷம் அதைக் கடைப்பிடித்து என்ன கண்டாள்?

உள்ளே விடக்கூடாது என்றுதானே உத்தரவு. வெளியே விடுவதற்கு யாரும் தடை சொல்லவில்லையே. கதவைத் திறந்தாள். மூவரும் மரியாதையாக விலகினார்கள். டாக்டர் முன்னால் போய் நின்று, விறைத்தது, வெட்டி இழுத்தது, கண் செருகியது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். பெஞ்சு முழுக்க வாயைப் பொத்திக்கொண்டு கேட்டது.

டாக்டர் குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டார். கண், காது, தொண்டை, நெஞ்சு எல்லாம் நிதானமாகப் பார்த்தார்.

"காய்ச்சல் வேகத்துல சில பிள்ளைங்களுக்கு இப்படி இழுக்கும்மா. பிள்ளை இப்ப நல்லாத்தான் இருக்கு. மறுபடி வந்தா ஒருக்களிச்சுப் படுக்க வச்சு, உடனே தூக்கிட்டு வாங்க."

மருந்து கொடுத்தார். செலின் ஊசிக்காரரின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளைப் பார்த்துவிட்டு டாக்டர் கொழுந்தன்மார்களிடம், "இவங்க தூங்கி ரெண்டு நாளாயிருக்கும். நீங்க ஒத்தாசை பண்ணுங்க. வெதுவெதுப்பான தண்ணில துணிய நனைச்சு, மூணு பேரும் மாறி மாறி உடம்பத் தொடச்சு விடுங்க" என்றார்.

சாயங்காலம் செலின் கண்ணயர்ந்துவிட்டாள். குழந்தையின் சத்தம் கேட்டுத் துள்ளி எழுந்தாள். லியா தொட்டிலில் உட்கார்ந்து கைகொட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள். நெற்றியைத் தொட்டாள், வேர்த்து, குளிர்ந்திருந்தது.

தரையில் வெந்நீர்ச் சட்டியைச் சுற்றிக் கொழுந்தன்மார் மூவரும் சட்டையில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். சவரி லூர்துவின் முதுகைத் துடைத்தான். லூர்து மிக்கேலின் கக்கத்தைத் துடைத்தான். மிக்கேல் தன் முறை வரட்டும் என்று துணியைப் பிழிந்துகொண்டிருந்தான்.

"பயப்படாதீங்க மைனி" என்றான் சவரி. "எங்க மூணு பேருக்கும் காய்ச்சல் சுத்தமா இல்ல."