துண்டில் நடந்த தூசி

"எத்தனை தடவை அடிச்சும் சாக மாட்டேங்குதே அம்மா?"

மடத்து வாசலில் நின்று தவசியாண்டி கேட்டார். கையில் ஒரு மிளகாய்ச் செடி, வேரோடு.

மடத்தம்மா கீரைப் பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எது சாக மாட்டேங்குது?"

"பூச்சிதான்."

"எந்தப் பூச்சி?"

தவசியாண்டி யோசித்தார். "கண்ணுக்குத் தெரியலையே அம்மா."

"தெரியாததை எத்தனை தடவை அடிச்சீக?"

"ஒன்பது."

"நல்ல குறி," என்றார் மடத்தம்மா.

தவசியாண்டிக்கு அறுபத்திரண்டு வயது. மடத்தம்மாவுக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். கண்மாய்க்கரை மடத்துக்கு அந்த அம்மாள் வந்து ஏழு வருஷம் ஆகிறது. பேச்சு குறைவு. அதிலும் பாதி குத்தல். அப்படியும் வெள்ளிக்கிழமை தோறும் தவசியாண்டி வந்து உட்கார்ந்துவிட்டுப் போவார். சாவைப் பற்றிக் கேட்டிருக்கிறார். மனைவி போன பிறகு தூக்கம் வராததைப் பற்றிக் கேட்டிருக்கிறார். மிளகாயைப் பற்றிக் கேட்பது இதுதான் முதல் தடவை.

"இந்த வருஷமும் மிளகாய்க் காடு கைவிட்டா நான் திருப்பூருக்குப் போயிரணும். கேன்டீன்ல பாத்திரம் கழுவ மகன் சொல்லி வச்சிருக்கான். போனா திரும்பி வர மாட்டேன், எனக்குத் தெரியும். காட்டைக் காப்பாத்திக் குடுங்கம்மா."

மடத்தம்மா வாளியைக் கீழே வைத்தார். செடியை வாங்கி ஒரு இலையைக் கிள்ளினார்.

"இது மேல சுருண்டிருக்கா, கீழ சுருண்டிருக்கா?"

"சுருண்டிருக்கு. எப்படிச் சுருண்டா என்ன?"

"கடையிலயும் இதைத்தான் சொன்னீகளா?"

"இலை சுருளுதுன்னேன். மூணு மருந்து குடுத்தாக. மூணையும் ஒண்ணாக் கலந்து அடிச்சேன். எதாச்சும் ஒண்ணு கேக்காதா?"

மடத்தம்மா இலையை அவர் உள்ளங்கையில் வைத்தார். இரண்டு ஓரமும் மேலே மடங்கி, ஓடம் மாதிரி கிடந்தது.

"சிலந்திப்பேன் உறிஞ்சினா கீழ்ப்பக்கமாச் சுருளும். இது இலைப்பேன். நடங்க, காட்டுக்குப் போவோம்."

மாசி மாதத்து மத்தியான வெயில். மழை விட்டு ஐம்பது நாள். முக்கால் ஏக்கர் காட்டில் ஒரு செடியும் நேராக நிற்கவில்லை. இலையின் அடிப்பக்கம் வெள்ளி பூசினது போல் மினுங்கியது. காலடியில் உதிர்ந்த பூ. பிஞ்சுகளில் சொறி பிடித்த மாதிரி பழுப்புத் தழும்பு.

"துண்டைக் குடுங்க அண்ணே."

தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை அவர் கொடுத்தார். மடத்தம்மா அதை ஒரு செடிக்கு அடியில் விரித்தார். ஒரு பூங்கொத்தை இரண்டு விரலால் மூன்று முறை தட்டினார்.

"என்ன தெரியுது?"

"தூசி."

"கண்ணாடி எங்க?"

பேப்பர் படிக்க மட்டும் போடுகிற கண்ணாடி சட்டைப் பையில் இருந்தது. தவசியாண்டி அதை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

தூசி நடந்தது.

மஞ்சளாய், ஊசி முனையால் கீறின கோடு போல. ஒன்று, நாலு, பிறகு எண்ண முடியாதபடி. சில குதித்துக் காணாமல் போயின.

அவர் நிமிர்ந்தார்.

"நாற்பது வருஷமா மிளகாய் போடுறேன். இதை இன்னைக்குத்தான் பாக்குறேன்."

மடத்தம்மா துண்டை உதறினார். வரப்பைத் தாண்டி அடுத்த காட்டுக்குள் இறங்கினார். அது தவசியாண்டியின் தம்பி பெண்டாட்டி இருளாயியின் காடு. தம்பி செத்து மூன்று வருஷம். இருளாயி பிந்தி விதைத்தவள். செடி இப்போதுதான் பூ எடுத்திருந்தது. இன்னும் ஒரு சொட்டு மருந்து பட்டதில்லை.

அங்கேயும் துண்டை விரித்தார். தட்டினார்.

"இதுலயும் இருக்கேம்மா," என்றார் தவசியாண்டி. குரலில் லேசான ஆறுதல்.

"எத்தனை?"

"ஆறு... ஏழு."

"இன்னும் பாருங்க."

துண்டின் மடிப்பிலிருந்து கறுப்பாய் ஒன்று ஓடி வந்தது. அரை எள் அளவு. வேகமாக ஓடியது, நின்றது, மஞ்சள் கோடு ஒன்றின் மேல் மூக்கை ஊன்றியது. மஞ்சள் கோடு துடித்தது. பிறகு துடிக்கவில்லை. கறுப்பு அதை விட்டுவிட்டு அடுத்ததைத் தேடிப் போனது.

தவசியாண்டி இன்னும் குனிந்து பார்த்தார்.

"இது என்னம்மா?"

"இலைப்பேனைத் தின்னு பிழைக்கிறது."

"என் செடியில இது ஒண்ணைக்கூடக் காணோமே?"

மடத்தம்மா துண்டை உதறி அவர் தோளில் போட்டார்.

தவசியாண்டி வரப்பில் உட்கார்ந்துவிட்டார். இலைப்பேன் பூவுக்குள்ளும் சுருண்ட இலைக்குள்ளும் ஒளிந்து கிடந்திருக்கிறது. ஒன்பது தடவையும் மருந்தில் செத்தது, செடி முழுக்க ஓடித் திரிந்த மற்றதுதான்.

"சரி," என்றார் கடைசியில். "நடந்தது நடந்துருச்சு. இனி அடிக்கல. தண்ணியைப் பீச்சி இலையைக் கழுவுறேன், நீலத்துல பூச்சி ஒட்டுற பசை அட்டை கட்டுறேன், வேப்பங்கொட்டைக் கரைசல் தெளிக்கிறேன். செடி தேறிடும்ல?"

"முப்பது நாள் முந்தி தேறியிருக்கும்."

"இப்ப?"

மடத்தம்மா அவர் காட்டுக்குள் திரும்பி வந்து, குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளினார். கையை உயர்த்தி விரலைத் தளர்த்தினார். அடித்த காற்றில் மண் நேராக விழவில்லை. தவசியாண்டியின் காட்டிலிருந்து கிளம்பி, வரப்பைத் தாண்டி, இருளாயியின் பூக்களின் மேல் போய்ப் படிந்தது.

தவசியாண்டி மண் போன வழியைப் பார்த்தார். காய்ந்துகொண்டிருந்த தன் செடிகளைப் பார்த்தார். செடி சாகச் சாக, அதிலிருப்பது பசுமையைத் தேடித்தான் கிளம்பும்.

"அப்ப திருப்பூர்தானா?"

"நாளைக்குக் காலையில காத்து எழும்பும் முன்னாடி ஆரம்பிக்கணும்," என்றார் மடத்தம்மா. "தண்ணி தெளிச்சு நனைச்சிட்டுப் பிடுங்கணும். காஞ்சதைப் பிடுங்கினா அவ்வளவும் பறந்துரும். சாக்குல போட்டுக் கட்டி, குழியில தள்ளி மூடுங்க. நானும் வாரேன்."

மறுநாள் பொழுது புலர்ந்தபோது இருவரும் காட்டில் இருந்தார்கள். வரப்பை ஒட்டிய வரிசையில் ஆரம்பித்தார்கள். செடிகள் சுலபமாக வந்தன. ஒவ்வொன்றிலும் நாலைந்து காய் இருந்தது. முதல் சாக்கு நிறையும்வரை தவசியாண்டி அந்தக் காய்களைப் பார்த்துக்கொண்டே பிடுங்கினார். பிறகு பார்க்கவில்லை.

ஏழாவது சாக்கு நிறையும்போது இருளாயி வந்தாள். முதுகில் மருந்தடிக்கிற டேங்க். கையில் ஒரு பை.

"என்ன அத்தான், காயோட பிடுங்குறீக? கிறுக்குப் பிடிச்சிருச்சா?"

தவசியாண்டி கையிலிருந்த செடியைச் சாக்கில் போட்டார்.

"அம்மா, நீங்களாச்சும் சொல்லக் கூடாதா? மனுசனுக்கு வயசாயிருச்சு," என்று சிரித்தாள். பிறகு பையைத் தூக்கிக் காட்டினாள். "எனக்கும் ரெண்டு செடியில சுருட்டை கண்டுருச்சு அத்தான். நீங்க அடிச்ச அதே மூணு மருந்தையும் வாங்கியாந்துட்டேன். கடையில உங்க பேரைத்தான் சொன்னேன். எப்படிக் கலக்கணும், சொல்லுங்க."

தவசியாண்டி மடத்தம்மாவைப் பார்த்தார்.

மடத்தம்மா சாக்கின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தார்.

இருளாயி காத்துக்கொண்டு நின்றாள். வெயில் ஏறத் தொடங்கியிருந்தது.

தவசியாண்டி இரண்டு எட்டு ஒதுங்கி நின்றார். அவருக்குப் பின்னால், அந்த மூன்று மருந்தையும் குடித்துச் சுருண்டு காய்ந்த காடு முழுவதும் அவள் கண்ணில் பட்டது.

"பாத்துக்க தாயி," என்றார்.