திங்கட்கிழமை சிவந்த முதுகு

தோல் மருத்துவம் படிக்க வந்தபோது அந்தோணிராஜுக்கு நாற்பத்து நான்கு வயது. அதுவரை கிராமத்துச் சுகாதார நிலையத்தில் டாக்டராக இருந்தவர். பேராசிரியர் ஃபௌசியா அவரைவிட இளையவர். உடன் படித்த மிதுலாவோ நேற்றுத்தான் கல்லூரி முடித்தவள்.

ஒரு திங்கட்கிழமை மாணவர்கள் இருவரும் ஆளுக்கொரு நோயாளியின் முதுகில் ஒவ்வாமைப் பரிசோதனைக்கான பட்டைகளை ஒட்டினார்கள். எந்தப் பொருள் உடம்புக்கு ஆகவில்லையோ, அது பட்ட இடம் சிவந்து தடிக்கும். மிதுலாவின் நோயாளி ஓர் இளம் கொத்தனார். அந்தோணிராஜுக்கு வாய்த்தவர் சுடலைமுத்து, எழுபது தாண்டிய, ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். காலில் ஆறாத புண். அதைச் சுற்றிப் பாதம்வரை அரிப்பு.

புதன்கிழமை பட்டைகளை எடுத்தார்கள். கொத்தனாரின் முதுகில் சிமெண்டுக்கான இடம் செக்கச்செவேலென்று தடித்திருந்தது. ஃபௌசியா எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். மிதுலாவைப் பாராட்டினார்.

அந்தோணிராஜுக்கு வயிறு எரிந்தது. சுடலைமுத்துவின் முதுகில் ஒன்றுமே இல்லை. ரப்பர் வைத்த இடத்தில் மட்டும் லேசான சிவப்பு. அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பார்க்கப் பார்க்க அது அதிகமாவதுபோல் தோன்றியது.

ரப்பர் செருப்புதான் காரணம், தூக்கிப் போடுங்கள் என்றார். புண்ணுக்குத் தாம் எழுதிக்கொடுத்த களிம்பை விடாமல் போடச் சொன்னார். வெள்ளிக்கிழமை முதுகை மறுபடி பார்ப்பது வழக்கம்; இனி வர வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை பெரியவர் வராததைக் கவனித்த ஃபௌசியா, ஃபோன் செய்து அவரைத் திங்கட்கிழமை வரச் சொன்னார். பக்கத்தில் நின்ற அந்தோணிராஜால் பொறுக்க முடியவில்லை.

"மிதுலாவை மட்டும் ஏன் மேடம் கூப்பிட்டுப் பாராட்டுறீங்க? வயசானவனுக்கு ஒண்ணும் வராதுன்னா?"

"திங்கட்கிழமை பேசுவோம்."

திங்கட்கிழமை சுடலைமுத்து வெறுங்காலோடு வந்தார். தார்ச்சாலைச் சூட்டில் உள்ளங்கால் கொப்பளித்திருந்தது. டாக்டர் சொன்னதைத் தட்டவில்லை என்றார்.

ஃபௌசியா அவரைச் சட்டையைக் கழற்றச் சொன்னார். ரப்பர் வைத்த இடம் வெறுமையாக இருந்தது. அதற்குக் கீழே, களிம்பில் இருக்கும் மருந்தை வைத்த இடம் சிவந்து பொரிப்பொரியாக எழும்பியிருந்தது.

அந்தோணிராஜ் தொட்டுப் பார்த்தார். விரலுக்குத் தட்டுப்பட்டது.

"புதன்கிழமை இது இல்லையே மேடம்."

"வயசான தோல். பதில் சொல்ல நாளாகும். ஆனா சொல்லும்."

அந்தோணிராஜ் பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டார். களிம்பை இன்றோடு நிறுத்தச் சொன்னார். கால் ஆறிருமா என்று மட்டும் பெரியவர் கேட்டார். ஆறும் என்றார் ஃபௌசியா.

பெரியவரைக் கட்டுப்போட அனுப்பியபின் அந்தோணிராஜ் மெல்லக் கேட்டார்.

"ரப்பர் வச்ச இடத்துல நான் சிவப்பைப் பார்த்தேனே?"

"பட்டை உரசின சிவப்பு. கொஞ்ச நேரம் பொறுத்திருந்தா போயிருக்கும்."

"எனக்கு அது தடிச்சிருந்த மாதிரி தெரிஞ்சுது மேடம்."

ஃபௌசியா கை கழுவிக்கொண்டே கேட்டார். "அப்ப நீங்க யாரு முதுகைப் பார்த்துக்கிட்டிருந்தீங்க?"